தொலையாத குடைகளுக்கு ஒரு நன்றியுரை

தலைமை நாற்காலியில் அமர்ந்து, தலைமையுரையின் கடைசி வரியில் எங்கள் தலையில் ஓர் இடியை மெத்தென்று இறக்கி வைத்திருக்கும் துறைத்தலைவர் ஐயா அவர்களே! ஆறுகளுக்குக் குறுக்கே பாலம் கட்டிப் பழகி, இன்று எங்களுக்கும் அறிவுக்கும் நடுவே ஒரு பாலம் கட்டிப் பார்ப்போமே என்று துணிந்து வந்திருக்கும் சிறப்பு விருந்தினர், பொறியாளர் அம்மா அவர்களே! எங்கள் விடைத்தாள்களைத் திருத்தித் திருத்தி மூக்குக் கண்ணாடியின் தடிமன் கூடிப்போன பேராசிரியப் பெருமக்களே! பிள்ளை படிக்கிறது என்று நம்பி வந்திருக்கும் தந்தையர்களே! நம்பாமல், எதற்கும் நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று வந்திருக்கும் தாய்மார்களே! பாடம் புரிந்த பாக்கியசாலிகளே! புரியாத பரிதாபத்துக்குரியவர்களே! இரண்டுக்கும் நடுவில், புரியாமலே புன்னகைத்து, புரியாமலே தலையசைத்து, புரியாமலே பக்கம் பக்கமாக எழுதித் தள்ளி மூன்றாம் ஆண்டு வரை வந்து சேர்ந்துவிட்ட என் சொந்த இனத்தவர்களே! உங்கள் எல்லோருடைய பாதங்களுக்கும் பொறுமைக்கும் என் பணிவான வணக்கம்.

கணித, இயற்பியல் மன்றத்தின் ஆண்டு விழாவில் நன்றியுரை சொல்ல என்னை அழைத்திருக்கிறார்கள். ஏன் என்னை? வரவேற்புரைக்கு அழகாகப் பேசுகிறவர் வேண்டும், பிடித்தார்கள். ஆண்டறிக்கைக்கு உண்மை பேசுகிறவர் வேண்டும். தேடினார்கள், கிடைக்கவில்லை, செயலாளரே வாசித்துவிட்டார். நன்றியுரைக்குக் கணிதமும் தெரிய வேண்டாம், இயற்பியலும் தெரிய வேண்டாம். அந்தத் தகுதி முழுமையாக அமைந்தவள் இந்தத் துறையில் நான் ஒருத்திதான் என்று ஒருமனதாக முடிவு செய்தார்களாம். கணிதம் எனக்கு முதன்மைப் பாடம், இயற்பியல் துணைப் பாடம். இரண்டிலும் குழப்பம் மட்டும் முதல் தரம்.

செயலாளர் அதோ ஐந்து விரலைக் காட்டுகிறார். ஐந்து நிமிடமாம். கவலைப்படாதே தம்பி! எல்லை என்ற பாடத்தைப் படித்தவள் நான். ஐந்து நிமிடத்தை நெருங்குவேன், நெருங்குவேன், நெருங்கிக்கொண்டே இருப்பேன். ஆனால் ஒருபோதும் தொடமாட்டேன்! கணிதப் பேராசிரியர் ஏன் நெற்றியைப் பிடித்துக்கொள்கிறார்? எல்லையைப் பற்றி நான் தேர்வில் எழுதியதும் இதுதான் ஐயா, அப்போதும் இப்படித்தான் பிடித்துக்கொண்டிருப்பீர்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்களை என்னிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வாசலில் பந்தல் போட்டவருக்கு நன்றி. நான் பேசப்போவது தெரிந்தும் ஒலிபெருக்கியை அணைக்காமல் இருக்கும் அண்ணனுக்கு நன்றி. தேநீர் கொடுத்த உணவகத்தாருக்கு நன்றி, சர்க்கரை போட்டிருந்தால் பெருநன்றி. எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஆனால் என்னை இந்த மேடை வரை ஏற்றிவிட்ட ஒரு கூட்டத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். யார் அவர்கள்? என் ஆசிரியர்களா? அவர்கள் என்னை இறக்கிவிடத்தான் பார்த்தார்கள். என் மதிப்பெண்களா? அவை தாமே இறங்கிப் போயின. என் சந்தேகங்கள் ஐயா, என் சந்தேகங்கள்! என்னோடு உண்டு, என்னோடு உறங்கி, தேர்வு அறைக்கும் என்னோடு கூடவே வந்து பக்கத்தில் உட்கார்ந்த என் அருமைச் சந்தேகங்கள்! அவற்றுக்கு நன்றி சொல்லாமல் இறங்கினால் நான் நன்றிகெட்டவள் ஆகிவிடுவேன்.

அதற்கு முன்னால் ஒன்று. தலைவர் ஐயா சற்றுமுன் தம் உரையை முடிக்கும்போது என்ன சொன்னார்? "நம்ம மூலை அறையில வெள்ளிக்கிழமை சாயங்காலம் சந்தேகம் கேக்கறதுக்குன்னு ஒரு நேரம் வச்சிருக்கோம். யாருமே வர்றதில்ல. நானே பல தடவை போய்ப் பார்த்துட்டேன். அங்க வர்ற பிள்ளைங்க எல்லாம் தொலைஞ்சு போன குடையைத் தேடித்தான் வருதுங்க. நம்ம பிள்ளைங்களுக்குச் சந்தேகமே இல்லங்கறது பெருமைதான். அதனால திங்கட்கிழமையிலேருந்து அந்த அறையில உடைஞ்ச பெஞ்சுகளைப் போட்டு வைக்கப் போறோம்." சொன்னார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். புரியாத இடத்தில் பலமாகத் தட்டுவது எங்களுக்குப் பால பாடம். ஆனால் தட்டி முடித்த பிறகு கை எரிந்தது, மனசும் எரிந்தது.

ஏன் எரிந்தது? இன்று காலை விழாவுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தபோது தண்ணீர்க் குழாயடியில் ஒரு முதலாண்டுத் தங்கையைப் பார்த்தேன். முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவக் கழுவ முகம் நனைந்துகொண்டே இருந்தது, குழாயோ மூடியிருந்தது. "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்லக்கா. திங்கக்கிழமை அப்பா வர்றாரு. படிப்பை நிறுத்திட்டு அவரோட ஊருக்குப் போயிடப் போறேன்" என்றாள். "ஏன்டி, என்னாச்சு?" என்றேன். "வகுப்புல எல்லாருக்கும் புரியுதுக்கா. எனக்கு மட்டும்தான் மண்டையில ஏற மாட்டேங்குது" என்றாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். என்ன செய்தேன்? வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்! "எல்லாருக்கும் புரியுதுக்கா" என்ற சொல்லைக் கேட்டு எனக்கு அடக்க முடியவில்லை. அவள் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்து விறுவிறுவென்று போய்விட்டாள். பின்னாலேயே ஓடலாம் என்றால், "அக்கா, மேடைக்கு நாற்காலி பத்தல" என்று என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் இந்தக் கூட்டத்தில்தான் எங்கோ இருக்கிறாள். எங்கே என்று நான் பார்க்கமாட்டேன், நீங்களும் திரும்பிப் பார்க்காதீர்கள். தங்கச்சி, உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சிரித்தேன். ஏன் என்று இப்போது சொல்கிறேன், கேள்.

பள்ளிக்கூடத்தில் நான் முதல் மாணவி. சிரிக்காதீர்கள், உண்மை! சூத்திரம் சொன்னால் ஒப்பிப்பேன், எண் கொடுத்தால் போடுவேன், விடை வந்தால் அடிக்கோடு போடுவேன். அந்தத் திமிரோடு இங்கே வந்து சேர்ந்தேன். முதல் மாதம் இயற்பியலில் வேலை என்றால் என்ன என்று சொன்னார்கள். விசை இருக்க வேண்டும், விசை தள்ளும் திசையில் பொருள் நகர வேண்டும். நகராவிட்டால் வேலை பூஜ்யம். ஆகா! என்ன எளிமை! என்ன அழகு! அந்த வாரக் கடைசியிலேயே விடுதியிலிருந்து அந்த அறிவை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

என் அம்மா துணிக்கடையில் விற்பனை செய்கிறார். அதோ, மூன்றாம் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், 'இவ இப்ப எதைச் சொல்லப் போறாளோ' என்ற முகத்தோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். வாடிக்கையாளர் நிறம் பார்த்து, கரை பார்த்து, வீட்டுக்காரர் முகம் பார்த்து முடிக்கிற வரைக்கும் துணிச் சுருளைத் தோளில் தாங்கி நின்றுகொண்டே இருக்க வேண்டும். அன்று வந்ததும் வராததுமாகத் தோளைப் பிடித்துக்கொண்டு, "நாள் பூரா வேலை, முதுகே உடைஞ்சு போச்சு" என்றார். நான் சும்மா இருந்தேனா? தவளை தன் வாயால் கெடுவதற்கு நேரம் வந்துவிட்டதே! "அம்மா, இயற்பியல்படி நீங்க இன்னிக்கு வேலையே செய்யல. சுருள் நகரல. அதனால வேலை பூஜ்யம்" என்றேன்.

அம்மா எழுந்தார். சோற்றுப் பானையை மூடினார். தட்டைக் கவிழ்த்தார். "பானையிலேருந்து தட்டுக்குச் சோறு நகரணும்னா யாராவது வேலை செய்யணும் இல்ல? நான்தான் வேலையே செய்யாதவளாச்சே. நீயே நகர்த்திக்க" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். அன்று நான் அறிந்தேன்: பாடப்புத்தகத்தின் வேலை வேறு, அம்மாவின் வேலை வேறு, ஒரே சொல் என்பதற்காக ஒன்றை எடுத்து மற்றதன் தலையில் போட்டால் பட்டினிதான் மிச்சம். சுருள் நகராவிட்டாலும் தோளுக்குள் தசை இழுத்து இழுத்துக் களைக்கிறது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் ஒரு வேளைச் சாப்பாடு மிஞ்சியிருக்கும். அம்மா, சிரித்துவிட்டீர்கள், நன்றி.

இது வீட்டுக்குள் போன மானம். அடுத்தது ஊர் பார்க்கப் போனது. முதலாண்டு வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர். நீளமான மேசை, அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் என் மரியாதை. கேட்டார்: "ஒரு பந்தை நேரா மேல எறியறே. உச்சியில அதோட வேகம் என்ன?" "பூஜ்யம் சார்!" பளிச்சென்று சொன்னேன். "நல்லது. அங்க முடுக்கம் என்ன?" நான் யோசிக்கவே இல்லை. யோசிக்கிறவர்களுக்குத்தானே தடுமாற்றம்? "வேகமே பூஜ்யம், அப்புறம் முடுக்கம் எங்கேருந்து சார் வரும்? அதுவும் பூஜ்யம்!" "அப்போ விசை?" "அதுவும் பூஜ்யம் சார்!" எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிட்டு வெற்றிப் புன்னகையோடு நிற்கிறேன். அவர் மெதுவாகக் கேட்டார்: "விசையே இல்லன்னா, அது ஏம்மா கீழ வருது?"

பெரியோர்களே! தாய்மார்களே! பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை. புவியீர்ப்பு விசையைத்தான் சற்றுமுன் பூஜ்யமாக்கிவிட்டேனே! வாய் சும்மா இருந்ததா? இல்லை. சொன்னேன்: "பழக்கதோஷம் சார்."

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். தேர்வாளரும் சிரித்தார். வெளியே வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அடுத்த நாள் முதல் என் பெயரே பழக்கதோஷம் ஆகிவிட்டது. தேர்விலும் தேறவில்லை. விடுதி அறையில் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்து, துணிகளை அடுக்கினேன். ஆமாம் தங்கச்சி, நானும்தான். நீ குழாயடியில் சொன்ன அதே வார்த்தையை நான் பெட்டியிடம் சொன்னேன். எல்லாருக்கும் புரியுது, எனக்கு மட்டும்தான் புரியல.

போவதற்கு முன்னால் கடைசியாக ஒரு முறை அந்தப் பந்தைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. போகிறவளுக்கு என்ன வெட்கம்? ஆனால் மூலை அறையின் வாசலுக்குப் போனதும் வெட்கம் வந்துவிட்டது. ஏன்? கதவுக்கு மேலே பலகை. பலகையில் என்ன எழுத்து? "பின்தங்கியோர் உதவி மையம்." ஐயா, அன்பு மனத்தோடுதான் எழுதியிருப்பீர்கள். ஆனால் எந்தப் பிள்ளை அந்தப் பலகைக்குக் கீழே தலை நிமிர்ந்து நுழையும்? எதிரே உணவகம், பக்கத்தில் நூலகம், ஊரே அந்த வழியாகத்தான் போகிறது. நான் வாசலில் நிற்கிறேன், என் வகுப்புத் தோழிகள் கூட்டமாக வருகிறார்கள். "என்னடி இங்க நிக்கிற?" என்றார்கள். என் வாய், என்னைக் கெடுப்பதற்கென்றே பிறந்த இந்த வாய், சொன்னது: "குடையைக் காணோம்டி. இங்க விட்டுட்டேனோன்னு பாக்க வந்தேன்."

எனக்குக் குடையே கிடையாது. வாங்கியதும் கிடையாது.

உள்ளே ஓர் ஆராய்ச்சி மாணவி உட்கார்ந்திருந்தார். கை, கழுத்து, காதோரம் எல்லாம் சுண்ணாம்புப் பொடி. சாக்பீஸ் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். "அக்கா, என் குடை..." என்றேன். அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "என்ன நிறம்?" என்றார். "கருப்பு" என்றேன். "எந்தப் பாடம்?" என்றார். "பந்துக்கா" என்றேன்.

டஸ்டரை எடுத்து மேலே எறிந்தார். "உச்சியில நின்னுச்சா?" "ஒரு கணம் நின்னுச்சுக்கா." "நின்னது அப்படியே நிக்க வேண்டியதுதானே? யாரு அதைக் கிளப்பி விட்டா?" "புவியீர்ப்பு." "அது அதுவரைக்கும் டீ குடிக்கப் போயிருந்துச்சா?" "இல்லக்கா, அங்கேயேதான் இருந்துச்சு." "அப்போ விசையும் அங்கேயேதான், முடுக்கமும் அங்கேயேதான். வேகம் எவ்வளவுங்கறது ஒரு கேள்வி. வேகம் மாறிக்கிட்டிருக்காங்கறது வேற கேள்வி. நீ ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிட்டே. ரெண்டுமே பூஜ்யம்னா டஸ்டர் அங்கேயே வீடு கட்டிக் குடியிருந்திருக்கும்." டஸ்டர் வீடு கட்டவில்லை; என் தலையில் விழுந்தது. முகமெல்லாம் வெள்ளை. ஆனால் மண்டைக்குள் ஒரு விளக்கு எரிந்தது.

எண்ணிப் பாருங்கள்! வேகம் பூஜ்யம், ஆனால் மாற்றம் பூஜ்யமில்லை! மதிப்பெண் பூஜ்யம், ஆனால் மாணவி பூஜ்யமில்லை! நின்றுவிட்டாள் என்று ஊர் நினைக்கும் அந்தக் கணத்தில்தான், தோழர்களே, அவள் திரும்பிக்கொண்டிருக்கிறாள்! என்ன ஐயா, இயற்பியல் ஐயா கை தூக்குகிறார்? அங்கிருந்து திரும்பினால் பந்து கீழேதானே போகும் என்கிறார். உண்மைதான் ஐயா. உவமையிலும் எனக்கு நீங்கள் தேர்ச்சி போட வேண்டாம்.

அன்று விடுதிக்குத் திரும்பிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் குடையைத் தொலைத்தேன். அதற்கடுத்த வெள்ளியும் தொலைத்தேன். இப்படி ஒருநாள் உள்ளே போகிறேன், பெஞ்சுக்கு அடியில் ஒரு முதுகு தெரிகிறது. குனிந்து பார்த்தால், எங்கள் வகுப்பிலேயே முதலாவதாக வருகிற மனிதர்! ஆசிரியர் பலகையில் பாதி எழுதும்போதே மீதியைச் சொல்லுகிற மனிதர்! பெயர் சொல்லமாட்டேன், காட்டிக்கொடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை. "நீ என்னய்யா இங்க?" என்றேன். "குடை" என்றார். "என்ன நிறம்?" என்றேன். "நீலம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு பேரும் பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் அக்கா பயந்து எழுந்து வந்துவிட்டார்.

அந்த மாமேதையின் சந்தேகம் என்ன தெரியுமா? கணிதத்தில் எல்லைக்கு ஒரு வரையறை உண்டு. எப்சிலான், டெல்டா என்று இரண்டு சின்னஞ்சிறு அளவுகளை வைத்து, ஒவ்வோர் எப்சிலானுக்கும் அதற்கேற்ற ஒரு டெல்டா உண்டு என்று ஆரம்பிக்கும். அவரோ, ஒரே ஒரு டெல்டாவைப் பிடித்துக்கொண்டு அது எல்லா எப்சிலானுக்கும் போதும் என்று எழுதிவிட்டு, ஏன் தப்பு என்று தெரியாமல் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். அக்கா கேட்டார்: "ஒவ்வொருத்தர் காலுக்கும் பொருந்தற மாதிரி ஒரு செருப்பு கடையில இருக்கு, சரியா?" "சரிக்கா." "ஒரே செருப்பு எல்லாரோட காலுக்கும் பொருந்தும், சரியா?" அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அடச்சீ, இவ்வளவுதானா?" என்றார். இவ்வளவுதான் ஐயா! ஆனால் அந்த இவ்வளவைக் கேட்பதற்கு ஓர் இடம் வேண்டியிருந்ததே! வகுப்பில் கேட்டால் மதிப்புப் போகும், வீட்டில் கேட்டால் மானம் போகும். கேட்காமல் விட்டால் படிப்பே போகும். எங்கேதான் போவது?

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு நிழல். யார்? நம் தலைவர் ஐயா! "என்னம்மா, சந்தேகம் கேக்க வந்தீங்களா?" என்று எவ்வளவு ஆசையாகக் கேட்டார்! நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில், "இல்ல சார், குடை!" என்றோம். அவர் என்ன செய்தார்? எங்களைத் திட்டினாரா? இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் வலிக்க வலிக்கப் பெஞ்சுக்கு அடியில் அவரும் குனிந்து தேடினார்! இல்லாத கருப்புக் குடையை ஒரு பக்கம், இல்லாத நீலக் குடையை மறுபக்கம். பாவம், எங்கே கிடைக்கும்? அடுத்த நாள் காலை அலுவலக உதவியாளர் வந்து என் கையில் ஒரு குடையைக் கொடுத்தார். "தலைவர் குடுக்கச் சொன்னாரு. பொம்பளப் பிள்ளை மழையில நனையக் கூடாதாம்." அது அவருடைய சொந்தக் குடை.

எங்களைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் அக்காவும் வாயை மூடிக்கொள்ள, அன்றிலிருந்து இன்றுவரை ஐயா எட்டிப் பார்க்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் குடை தேடிக்கொண்டிருந்தோம். அவர் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார், அவர்மேல் தவறில்லை. தவறு யாருடையது? எங்கள் வாயுடையது! சந்தேகம் இருந்தது, இல்லை என்றோம். குடை இல்லை, இருந்தது என்றோம். இல்லாததைத் தேடுவதாகச் சொல்லிச் சொல்லி, இருந்த ஓர் அறையை இப்போது தொலைக்கப் போகிறோமே, இது அடுக்குமா?

தம்பி, மணி அடிக்காதே. அடித்தால் அடித்துக்கொள், ஆனால் இதைச் சொல்லாமல் இறங்கமாட்டேன். இந்த மன்றத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவ மாணவியரைக் கேட்கிறேன். ஒருநாளாவது அந்த மூலை அறைக்குக் குடை தேடிப் போனவர்கள் யார்? வாயால் சொல்ல வேண்டாம், நம் வாயின் யோக்கியதை தெரிந்ததுதான். எழுந்து நில்லுங்கள், போதும்.

யாரும் இல்லையா? ஒருவர்கூட இல்லையா? சரி. நான் ஒருத்திதான் பழக்கதோஷம் என்று...

யாரது? முன்வரிசையில்... அடடா! நான் பெயர் சொல்லவே இல்லையே, நீயே எழுந்துவிட்டாயே நீலக் குடை! அவருக்குப் பின்னால் ஒருவர். ஜன்னல் ஓரமாக இருவர். இடப்பக்கம் மூன்றாமாண்டு வரிசை மொத்தமும்! நீயுமா செயலாளரே? மணியைக் கையில் வைத்துக்கொண்டேவா? பின்னால் முதலாண்டுக்காரர்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, தயங்கித் தயங்கி, அதோ, அதோ, அதோ! தாய்மார்களே, தந்தைமார்களே, திரும்பிப் பாருங்கள்! உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் நிற்கிறார்கள். இத்தனை குடை தொலைந்த ஊர் உலகத்தில் வேறு எங்காவது உண்டா?

ஐயா மைக்கைக் கேட்கிறார். கொடுங்கள். என்ன சொல்கிறார்? "அப்போ, நெசமாவே உங்க யாருக்கும் குடை தொலையலையா?" இல்லை ஐயா. "அட, மழைக்காலம் பூரா நான் நனைஞ்சுக்கிட்டே வீட்டுக்குப் போனேனேம்மா!"

தெரியும் ஐயா. அதனால்தான் எடுத்துக்கொண்டு வந்தேன். இதோ, மேசைக்கு அடியில் வைத்திருந்தேன். உங்கள் குடை. கம்பி ஒன்றும் வளையவில்லை, நான் விரிக்கவே இல்லை. நனையக் கூடாது என்று எனக்குக் கொடுத்தீர்கள்; இந்தக் குடையைவிடப் பெரிய ஒன்றை நீங்கள் எங்களுக்கு முன்பே கொடுத்திருந்தீர்கள், அது அந்த அறைதான். குடையை வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா, அறையைக் கொடுத்துவிடுங்கள். உடைந்த பெஞ்சுகளுக்கு வேறு இடம் கிடைக்கும். உடைந்து நிற்கும் பிள்ளைகளுக்கு அது ஒன்றுதான் இடம். அந்தப் பலகையை மட்டும் இறக்கிவிடுங்கள். வேறு பலகை வேண்டுமென்றால், "தொலைந்த குடைகள் இங்கே தேடப்படும்" என்று எழுதுங்கள். நாங்கள் புரிந்துகொள்வோம். எங்களுக்குப் புரிகிற ஒரே பலகை அதுவாகத்தான் இருக்கும்.

ஐயா சட்டைப் பையில் கை விடுகிறார். என்ன அது? மூலை அறைச் சாவி! அக்காவை மேடைக்குக் கூப்பிடுகிறார். சாக்பீஸ் அக்கா, வாங்க, கையைத் துடைத்துக்கொண்டு வாங்க! கை தட்டுங்கள், இந்த முறை எதற்கென்று தெரிந்து தட்டுங்கள்!

பொறுங்கள், பொறுங்கள். கடைசி வரிசையில், கதவோரம், ஒரு பிள்ளை இன்னும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. என்னம்மா? குடை தேடினவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள், நீயும் உட்காரலாம். குடை இல்லையா? சந்தேகமா? சந்தேகம் என்றா சொன்னாய்? இத்தனை பேருக்கு முன்னாலா? அண்ணே, அந்த மைக்கைக் கொஞ்சம் அங்கே கொண்டு போங்க. வயர் எட்டாதா? சரி, சத்தமாகச் சொல்லும்மா, நான் திருப்பிச் சொல்கிறேன்.

எல்லோருக்கும் கேட்டதா? அவள் கேட்கிறாள்: "அக்கா, மேசை மேல புத்தகம் வச்சா மேசை அதை மேல தள்ளுதுன்னு சொல்றாங்க. புத்தகம் லேசா இருந்தா லேசாத் தள்ளுது, கனமா இருந்தா பலமாத் தள்ளுது. சரிக்கா. ஆனா எவ்வளவு தள்ளணும்னு மேசைக்கு எப்படிக்கா தெரியும்?"

யாரும் சிரிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஒருவரும் சிரிக்கவில்லை. இந்த மேசையில்தான் இவ்வளவு நேரமாகக் கை ஊன்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். இது என்னைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு தாங்க வேண்டும் என்று இதற்கு எப்படித் தெரியும் என்று மூன்று ஆண்டில் ஒருநாளும் நான் கேட்டதில்லை. தலைவர் ஐயா மேசையைத் தட்டிப் பார்க்கிறார். பாலம் கட்டுகிற அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நீலக் குடைக்காரர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் தெரியாது போலிருக்கிறது. எனக்கும் முழுசாகத் தெரியாதும்மா.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், பட்டினி போட்டு இயற்பியல் கற்பித்த என் தாயாருக்கும், ஐந்து நிமிடத்தைத் தாண்டவிட்ட செயலாளருக்கும், இன்னும் தீராத என் சந்தேகங்கள் அத்தனைக்கும் மனம் நிறைந்த நன்றி. தங்கச்சி, திங்கக்கிழமை உங்கப்பா வந்தா, வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு வேலை இருக்குன்னு சொல்லு. சாயங்காலம் மூலை அறைக்கு வா. நானும் வர்றேன். குடை எதுவும் தேட வேணாம், நேரா உள்ள வா.

அனைவருக்கும் வணக்கம்.